யாருக்கும் பங்கில்லை

"இந்தக் கண்டுபிடிப்புல வேற யாருக்காவது பங்கு உண்டா சார்?"

அவள் கேட்டதும் பாலிமர் பேராசிரியரின் முகம் சுருங்கிப்போனது. கேட்டவள் யாரென்று அவருக்குத் தெரியும். ஒரு காலத்தில் இதே ஆய்வகத்தில் அவரிடம் ஆராய்ச்சி செய்தவள், இப்போது வெளியூர் மதிப்பீட்டுக் குழுவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

பழைய மாணவி என்பதால் அவள் மதிப்பெண் போடக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம் என்று குழுத் தலைவர் காலையிலேயே சொல்லிவிட்டார். கேள்வியே போதும் என்று அவளும் தலையாட்டிவிட்டாள்.

வேதியியல் துறையின் புது ஆராய்ச்சி மையம் பாலிமர் குழுவுக்கா, நானோ குழுவுக்கா என்பது அன்று முடிவாக வேண்டும். பாலிமர்காரருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'பசை'. நாற்காலியில் ஒட்டினால் எழுந்திருக்க மாட்டார் என்பதால் வந்த பெயர். எதிரே உட்கார்ந்திருந்த நானோகாரர் 'பொடி'.

"யாருக்கும் பங்கில்ல மேடம். முழுக்க முழுக்க என் வேலை," என்றார் பசை. அன்று 'ஏய்', இன்று 'மேடம்'.

உலோகம் கலக்காமலே, வினையை விரைவாக்கும் உலோகத்தின் வேலையைச் செய்யும் பாலிமர் தூள்தான் அந்தக் கண்டுபிடிப்பு. மஞ்சள் கரைசலில் போட்டுக் கலக்கினால் கரைசல் தண்ணீராய்த் தெளிந்துவிடும். முதலில் அதைச் செய்தவள் அவள். கட்டுரை வந்தது அவர் பெயரில் மட்டும்.

அது அச்சுக்குப் போவதற்கு முன்பு, மஞ்சள் கரைசல் இருந்த குடுவையோடு அவர் அறைக்கு ஓடினாள். வாயைத் திறப்பதற்குள், "உன் பேரைப் போடச் சொல்லிக் கேக்க வந்தியா? போ வெளிய!" என்று முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார். மறுநாள் ஆய்வகத்துக்குள்ளேயே விடவில்லை.

பட்டமில்லாமல் வீட்டில் போய் நின்றபோது, "அப்படி என்னம்மா தப்புப் பண்ணே?" என்று அப்பா கேட்டார். வேறு ஊரில் அவள் பட்டம் வாங்குவதற்குள், அந்தக் கேள்வியோடே அவர் கண்ணை மூடிவிட்டார். அதற்காகத்தான் பசையை அவள் மன்னிக்கவே இல்லை.

"கூட நின்னு உதவின மாணவங்ககூட இல்லையா சார்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒருத்தருமில்ல. வேணும்னா எழுதியே தர்றேன்."

குழுத் தலைவர் குறித்துக்கொண்டார்.

பசை செய்து காட்டக் கிளம்பினார். குடுவையில் மஞ்சள் கரைசலை ஊற்றி, பாலிமர் தூளைத் தூவி, பட்டுத்துணி விரித்த சின்னப் பெட்டியிலிருந்து ஒரு காந்தக் குச்சியை எடுத்தார். குடுவைக்குள் தானாகச் சுழன்று கலக்கும் விரற்கடை நீளக் குச்சி. அதன் வெள்ளை உறை கீறிக் கறுத்திருந்தது.

"ராசியான குச்சி. இதைப் போட்டாத்தான் வேலை சுத்தமா வரும்," என்று சிரித்தார்.

மஞ்சள் மளமளவென்று வெளுத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பொடியின் முகம் தொங்கிப்போனது.

அவள் கைப்பையிலிருந்து பிரிக்காத உறை ஒன்றை எடுத்து நீட்டினாள். "இந்தப் புதுக் குச்சியைப் போட்டு இன்னொரு தடவை காட்டுங்க சார்."

வேறொரு குடுவையில் மஞ்சள் கரைசலும் அதே தூளும் விழுந்தன. புதுக் குச்சி சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மஞ்சள் மஞ்சளாகவே நின்றது.

பொடி எழுந்து வந்து பழைய குச்சியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "அடடே, இது எங்க லேப் குச்சியாச்சே! அடியில எங்க அடையாளம் போட்டிருக்கு பாருங்க. கீறலுக்குள்ள எங்க பல்லேடியத் துகள் அப்பியிருக்கும். வேலை பாக்கறது அந்த உலோகம்தான், உங்க பாலிமர் இல்ல!" அவருக்கு வாயெல்லாம் பல்.

பசை அவளைக் கைகாட்டினார். "நான் செய்யல! முதல்ல செஞ்சவ இவதான். இந்தக் குச்சியை அங்கேருந்து வாங்கிட்டு வந்தவளும் இவதான். தப்பு இவளோடது!"

"முழுக்க உங்க வேலைன்னு இப்பதானே சொன்னீங்க?" என்றார் தலைவர்.

அவள் எழுந்து, மஞ்சள் மாறாத குடுவையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"அன்னிக்கும் இதைக் காட்டத்தான் சார் வந்தேன். நீங்கதான் கதவைச் சாத்திட்டீங்க."