மூன்றாவது நர்ஸ்

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு நோயாளிகளுக்கு நாங்கள் இரண்டே நர்ஸ்கள். மூன்றாவதாக ஒருத்தி வந்தால் நோயாளிகள் சீக்கிரம் தேறுவார்களா என்று, புதிதாக ஒருத்தியைச் சேர்த்து மூன்று மாதம் ஆராய்ந்த டாக்டர், இன்று முடிவைப் படித்தார்.

“எந்த முன்னேற்றமும் இல்ல. படுக்கைப்புண்கூடக் குறையல. பழையபடி ரெண்டு பேரே போதும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஓடி ஓடி எங்க கால் தேஞ்சு போச்சு, டாக்டர். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கவே ஆள் இல்ல!”

“அதுக்குத்தானேம்மா புது நர்ஸைக் கொடுத்தேன்? அவங்க என்ன பண்ணாங்க?”

மூலை மேஜையில் காகிதக் குவியலுக்குப் பின்னாலிருந்து புது நர்ஸ் எழுந்தாள்.

“மணிக்கொரு தடவை ஆறு பேருக்கும் உங்க ஆராய்ச்சிப் படிவத்தை நிரப்பிட்டு, அப்புறம் மத்த வேலையைப் பாருன்னு நீங்கதானே சொன்னீங்க? மூணு மாசமா நிரப்பிக்கிட்டே இருக்கேன், டாக்டர். அந்த ‘அப்புறம்’ இன்னும் வரல!”