மாத்திரை எட்டாத கால்

காலை எட்டேகால். ஆரணி ஆஸ்பத்திரிக்குப் போகக் கட்டிய புடவையோடு பரிமளா தறிக்குழியின் முன்னால் நிற்கிறாள். ஒரு கையில் மருந்துச் சீட்டு, இன்னொரு கையில் காலி டம்ளர். குடியை மறக்கடிக்கிற மாத்திரையை அவள் கண்ணெதிரிலேயே முழுங்கி, நாக்கையும் நீட்டிக் காட்டிவிட்டான் அவள் புருஷன் லோகநாதன். குழிக்குள் காலை விட்டுத் தறியில் உட்கார்ந்தவன், வியாழக்கிழமை கவுன்சிலிங்குக்கு மட்டும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். இது மூன்றாவது வியாழன். கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கிய வெயில், தறியில் விரிந்த அரக்கு நிறப் பாவு நூலின் மேல் சதுரமாகக் கிடக்கிறது. “மாத்திரதான் போட்டுகினேனே. அங்க போயி அந்தம்மாகிட்ட இன்னாத்த பேசறது? ஒரே பேஜாரு.” அவள் டம்ளரை ஜன்னலில் ணங்கென்று வைக்கிறாள். “ஆசையே வரலன்றியே, அப்ப நேத்து சாயங்காலம் எதுக்குயா ஒயின் ஷாப் வாசல்ல நின்னுகினு இருந்த?” அவன் ஊடுநூல் ஓட்டும் நாடாவை மடியில் போட்டுவிட்டுத் தலை குனிகிறான். “மெய்யாலுமே ஆசை இல்ல பரிமளா. ஆறு மணி ஆனா கால் தானா போவுது.” “இதத்தான்யா அந்தம்மாகிட்ட சொல்லணும்! இத சொல்லத்தான் மூணு வாரமா கூப்ட்டுகினு இருக்கேன்!” தெருமுனையில் பஸ் ஹார்ன் அடிக்கிறது. அவன் எழவில்லை. நாடா அவன் மடியில்தான் கிடக்கிறது. ஆனால் குழிக்குள் அவன் கால்கள் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்துகின்றன, ஊடுநூல் விழாத பாவு வெறுமனே திறந்து திறந்து மூடுகிறது. பரிமளா சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு குழியோரம் மண்டியிடுகிறாள். இரண்டு கையையும் உள்ளே விட்டு அவன் கணுக்காலை இறுக்கிப் பிடிக்கிறாள். அந்தப் பிடிக்குள்ளேயும் அது மிதிக்கப் பார்க்கிறது.