மூன்றில் ஏதாவது ஒன்று

வெள்ளிக்கிழமை விடுதியின் தண்ணீர்த் தொட்டியில் ‘முதலில் முதல்வர் குடிக்கட்டும்’ என்று பச்சைப் பெயிண்ட்டால் எழுதிய ஆளைக் கண்டுபிடிக்க, கல்லூரியின் வருகைப் பதிவுக்கு நிரல் எழுதிக்கொடுத்த இறுதியாண்டு மாணவன் பரிதியை முதல்வர் அழைத்திருந்தார். பொத்தானை அழுத்தினால் சிக்குகிறவருக்கு நோட்டீஸ் போய்விடும். மறுநாள் டி.சி.

“ஹாஸ்டல்ல இருக்கணும். ஓவியக் குழுவுல இருக்கணும். வெள்ளிக்கிழமை காலேஜுக்கு வந்திருக்கணும். சலிச்சு எடுடா.”

மூன்றும் பொருந்துகிறவர் என்று போட்டதும் அட்டவணையில் ஒரே ஒரு வரி நின்றது: ஜெனிட்டா, இரண்டாமாண்டு. முதல்வர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பரிதி நிபந்தனைகளுக்கு நடுவே இருந்த ‘மற்றும்’ இரண்டையும் அழித்துவிட்டு ‘அல்லது’ போட்டான். இனி மூன்றில் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். நோட்டீஸ் பொத்தானையும் அழுத்தினான்.

“மாட்டுச்சா?”

“மாட்டிருச்சு சார். ஆயிரத்து நூத்திப் பதிமூணு பேரு.”

“மொத்த காலேஜும் அவ்ளோதானேடா!”

“ஆமா சார். வெள்ளிக்கிழமை நீங்களும் வந்திருந்தீங்க.”

மேசைமேல் முதல்வரின் செல்போன் அதிர்ந்தது. நாளை காலை பத்து மணிக்குப் பெற்றோருடன் வந்து விளக்கம் தர வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. வெளியே வராந்தாவில் வரிசையாகப் போன்கள் ஒலித்தன. யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள்.

“மூணும் பொருந்தணும். மாத்துடா.”

பரிதி கீபோர்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தான்.

“மாட்டேன் சார். லிஸ்ட்ல நானும் இருக்கேன். எங்கப்பாவுக்குப் போன் பண்ணணும்.”