மைனாவின் நேரலை

முதலில், மரங்கொத்தி பட்டையில் கொத்தி எழுதிய புது போன் பற்றிய செய்தியை மைனா திருடியது. இரண்டாவதாக, அதில் இருந்த கருத்தையும் தன் கருத்து என்றது. மூன்றாவதாக, பட்டையின் அடியில் இருந்த பெயரை நறுக்கி எறிந்துவிட்டு, டவர் மேலிருந்து நேரலையில் வாசித்தது.

மரங்கொத்தி நேரே போய்க் கேட்டது. "எழுதினது நான்டா. என் பேரைச் சொல்லு. சலுகை கேக்கல, உரிமையைக் கேக்கறேன்."

"போக்கா! உன் பேருக்கு எவன் லைக் போடுவான்?"

மறுநாள் எழுதிய செய்தியில் மரங்கொத்தி தன் பெயரை அடியில் எழுதவில்லை, செய்திக்குள்ளேயே எழுதியது. அதையும் திருடிய மைனாவுக்கு எதையும் முன்கூட்டிப் படித்துப் பார்க்கும் வழக்கம் இல்லை. குயிலும் அணிலும் காடு முழுவதுமே கேட்டுக்கொண்டிருக்க, அது தொண்டை கிழிய வாசித்தது:

"இந்த போன் அரை நாளில் அணைந்துவிடும். இதைச் சோதித்து எழுதியது, இப்போது வாசிக்கும் மைனா அல்ல, மரங்கொத்தி வேம்பரசி!"