ஒற்றை நீலக் கண்ணாடி

புளியந்தீவின் சரித்திரத்தில் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்க செய்தியொன்றை இதனால் சகலருக்கும் அறியத்தருகிறோம்: செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, வாவிக்கரை மாடிவீட்டின் சுவரில் அளவுநாடா வைக்கப்பட்டது.

வைத்தவள் தக்ஷாயினி. நகரத்துப் பழைய வீடுகளைப் புத்தகமாக்க வந்திருப்பவள்.

விளக்கம் கொடுத்தவர் அரசரெத்தினம். வீட்டு மாப்பிள்ளை.

விளக்கத்தைக் கேட்டு வயிறெரிந்தவர் வினாயகமூர்த்தி. அந்த வீட்டிலேயே பிறந்தவர்.

இந்தப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். ஆண்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வேறெங்காவது போவான். வீடு தங்கச்சி புஸ்பத்துக்குப் போய் முப்பத்திரண்டு வருசம். அண்ணனுக்கு இன்னும் ஆறவில்லை.

வீடு போனால் போகட்டும். உன்னிச்சை வயலுக்குள் வளர்ந்த அவள் புருசன் அந்த முதிரைமரப் படிக்கட்டைத் தடவித் தடவி "எங்கட பரம்பரை" என்கிறாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்தக் கைபிடியில் சறுக்கி விழுந்து பல்லுடைந்தது யாருக்காம்?

புத்தகத்தில் அவருக்கு வேண்டியது ஒரே வரி: இவ்வீட்டில் பிறந்தவர் வினாயகமூர்த்தி.

அரசரெத்தினம் வாசல் நிலைக்கு மேலே கைகாட்டினார். அரைவட்டமாய் ஏழு கண்ணாடி. ஆறு சிவப்பு, ஒன்று நீலம்.

"இஞ்ச பாருங்க மகள். அந்த நீலம் கண்ணூறுக்கு. ஒல்லாந்தர்ர காலத்து நுட்பம்."

தக்ஷாயினி எழுதினாள்.

ஒல்லாந்தராவது மண்ணாவது! பத்து வயதில் வினாயகமூர்த்தி மாங்காய்க்கு எறிந்த கல் பட்டு உடைந்த இடம் அது. சிவப்புக் கிடைக்காமல் அப்பா நீலத்தைப் போட்டார்.

"அது நான் உடைச்சது, பிள்ள!"

சொன்னதோடு நிற்காமல் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, அப்பா அடித்த தழும்பையும் காட்டினார்.

தக்ஷாயினியின் பேனை நின்றது. "ஐயா யாரு?"

"நம்மட மச்சான்தான். வெளிய இருக்கிறவர். இடைக்கிட வந்துபோவார்," என்றார் அரசரெத்தினம்.

அந்த நேரம் பார்த்துப் புஸ்பம் அண்ணனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். விருந்தாளிக் கோப்பையில்.

வினாயகமூர்த்தி அதைத் தொடவில்லை. சைக்கிளை எடுத்தார்.

பதினொரு மணிக்குத் தக்ஷாயினியின் பட்டியலில் அடுத்த வீடு. இரண்டு தெரு தள்ளி.

வாசலில் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு நின்றவரைப் பார்த்து அவள் ஒருகணம் முழித்தாள்.

"வாங்க மகள், வாங்க. இது எங்கட பரம்பரை வீடு," என்றார் வினாயகமூர்த்தி. "மேல அந்தச் சுவர் ஓட்டை தெரியுதா? பீரங்கி வைக்க விட்டது."

கேற்றடியில் மோட்டார்சைக்கிளை நிறுத்திய ஒருவன் அவசரமாக உள்ளே வந்தான்.

"அத்தான், அது அப்பா புறாவுக்கு விட்ட ஓட்ட..."

"நம்மட மச்சான் ரதீஸ். வெளிய இருக்கிறவர்."

வினாயகமூர்த்தியின் மனைவி தன் தம்பிக்கு விருந்தாளிக் கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.