அட்மின் வாசித்த ஓலை

"பஸ்ஸு காரியாபட்டியத் தாண்டிருச்சு. இதப் போடலாமாண்ணே?" என்று கேட்டபடி நல்லகண்ணு மைக் செட் கடைக்குள் நுழைந்தார்.

அவர் இறங்கி வந்ததே அந்த பஸ்ஸிலிருந்துதான். அது பாளையம்பட்டி நிறுத்தத்தில், கடைக்கு நேர் எதிரே, உறுமிக்கொண்டு நின்றது.

கடைக்காரர் யாக்கோபு நிதானமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கினார். அவசரத்தில் செய்கிற காரியமா இது?

'பஸ் எங்கே' என்ற வாட்ஸ்அப் குரூப்புக்கு அவர்தான் அட்மின். காரியாபட்டியிலிருந்து பாளையம்பட்டி வழியாகத் திருச்சுழி போகிற அந்த பஸ் தனக்குத் தோன்றிய நேரத்துக்கு வரும். தோன்றாவிட்டால் வராது. வழியில் பார்க்கிறவர்கள் குரூப்பில் ஒரு வரி தட்டிவிட்டால், மற்றவர்கள் வெயிலில் காயாமல் சரியாக நிறுத்தத்துக்கு வந்து ஏறிக்கொள்வார்கள்.

போன வாரம் வரை அப்படித்தான் நடந்தது.

போன வாரம் டீக்கடை டிவியில் கோட்டு போட்டவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். இணையத்தில் பொய்ச் செய்தி பரப்பினால் உள்ளே தள்ள, சட்டசபையில் புதுச் சட்டம் கொண்டுவரப் போகிறார்களாம். ஒருவர் வேண்டும் என்றார். இன்னொருவர் பேச்சுரிமை போச்சு என்று மேஜையைத் தட்டினார். யாக்கோபின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: குரூப் அட்மினும் பொறுப்பு.

பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

மகள் ஏஞ்சலினுக்கு அடுத்த மாதம் கல்யாணம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முதல் ஓலை வாசிக்கப் போகிறார்கள். பெண்ணைப் பெற்றவன் ஜெயிலில் கம்பி எண்ணிக்கொண்டிருந்தால் மாப்பிள்ளை வீட்டார் சும்மா இருப்பார்களா?

"குரூப்பக் கலைச்சு விட்டுட்டுப் பேசாம இருங்களேன்" என்றாள் மனைவி தெரசாள்.

அவள் சுலபமாகச் சொல்லிவிட்டாள். ஊரில் மைக் செட் யார் வேண்டுமானாலும் வைக்கலாம். அட்மின் ஒருவர்தான். நிறுத்தத்தில் சின்னப் பிள்ளைகள்கூட 'அட்மின் மாமா' என்று கூப்பிடும்போது உள்ளே குளுகுளுவென்று இருக்குமே, அதை விட்டுவிட அவருக்கு மனசு வரவில்லை. பயமும் விடவில்லை.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். குரூப்பைப் பூட்டினார். இனி யாரும் தானாக எதுவும் போட முடியாது. போட வேண்டியதை நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும். போனில் கேட்கக் கூடாது, பதிவாகிவிடும். கொண்டுவந்ததை அவர் உடனே போட்டுவிடவும் மாட்டார். அதற்கு ஓலை வாசிப்பார்.

கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் மூன்று ஞாயிறு பெண் மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார்கள் அல்லவா, அதே முறைதான். ஓலை வாசித்ததற்காக எந்தச் சாமியாரையாவது போலீஸ் பிடித்திருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமைக்கெல்லாம் காத்திருக்க முடியாது என்பதால், ஒரு வாசிப்புக்கும் அடுத்த வாசிப்புக்கும் நடுவே ஒரு செம்புத் தண்ணீர் குடிப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

இப்போது எழுந்து நின்றார். மைக் செட்காரருக்கு மெதுவான குரலில் வாசிக்கத் தெரியாது.

"பஸ் காரியாபட்டியைத் தாண்டிவிட்டது. இதுக்கு யாருக்காச்சும் தடை இருக்கா?"

ரோஜாப்பூ போட்ட காலை வணக்கப் படத்துக்கு அனுமதி வாங்க வந்து, காலையிலிருந்து உட்கார்ந்திருந்த சோணைமுத்து கையைத் தூக்கினார்.

"அது பாளையம்பட்டிக்கே வந்து நிக்குதேண்ணே. காரியாபட்டியத் தாண்டிருச்சுன்னு மட்டும் போட்டா பாதிப் பொய்யில்ல?"

யாக்கோபுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நல்ல வேளை, தப்பித்தோம். 'பஸ் பாளையம்பட்டியில் நிற்கிறது' என்று திருத்தினார். திருத்தினால் புது ஓலை. முதலிலிருந்து வாசித்தார். தண்ணீர் குடித்தார். இரண்டாம் முறை வாசித்தார். மறுபடி செம்பைத் தூக்கும்போது எதிரே பஸ் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிப் போயே போய்விட்டது.

இப்போது அது முழுப் பொய்.

யாக்கோபு அதை அழித்துவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். திருச்சுழிக்கு டிக்கெட் எடுத்திருந்த நல்லகண்ணு, பஸ் போன திசையைப் பார்த்தார், யாக்கோபைப் பார்த்தார், பெஞ்சில் உட்கார்ந்தார். மடியில் டிக்கெட் இருந்தது.

அப்போதுதான் வாசலில் காக்கிச் சட்டை தெரிந்தது.

டவுன் ஸ்டேஷன் ஏட்டு சின்னத்துரை. தொப்பி கக்கத்தில். முகமெல்லாம் வேர்வை.

"இங்க அட்மின் யாரு?"

பெஞ்சில் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் யாக்கோபைக் காட்டினார்கள். காட்டுவதற்கு மட்டும் யாருக்கும் ஓலை தேவைப்படவில்லை.

யாக்கோபுக்கு மகளின் முகம் கண்ணில் வந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நாந்தான்யா. ஞாயித்துக்கெழம பொண்ணுக்கு ஓலை வாசிக்கணும்யா. அது மட்டும் முடிஞ்சிரட்டும், நானே வந்துர்றேன்."

ஏட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. பையிலிருந்து தன் போனை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"திருச்சுழிக்கு டூட்டிக்குப் போகணும். ஒரு வாரமா உங்க குரூப்புல தகவலே இல்ல, தெனமும் பஸ்ஸ விட்டுட்டு வாங்கிக் கட்டிக்கிறேன். இதப் போடலாமான்னு கொஞ்சம் பாருங்க அண்ணாச்சி."

யாக்கோபு வாங்கிப் பார்த்தார்.

'ஒரு பஸ்ஸை ஒழுங்காக விடத் துப்பில்லை. அரசாங்கம் தூங்குகிறதா?' பக்கத்தில் கோபமாகச் சிவந்த மூஞ்சிகள் வரிசையாக இருந்தன.

இதற்கு அவர் ஓலை வாசிக்கவில்லை. எழுந்துகூட நிற்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏட்டைக் குனியச் சொல்லி, அவர் காதருகே, இந்த ஒரு வாரத்தில் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"இதெல்லாம் வேணாங்கய்யா. போலீஸ் கேஸாயிரும்."

ஏட்டு சின்னத்துரை சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

"ஆமால்ல" என்றார். அவசர அவசரமாக அதை அழித்துவிட்டு, நல்லகண்ணுவைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார்.