எட்டாவது ஆள்

"மாமா, உங்களை இந்த வகுப்புல சேர்த்துக்க முடியாது."

மருமகள் சொன்னதும் உடற்பயிற்சிக் கூடத்தில் இருந்த ஏழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமனாருக்கு முகம் சிவந்துவிட்டது.

அன்று அவளுக்குச் செயல்முறைத் தேர்வு. விளையாட்டும் உடற்பயிற்சியும் சொல்லித்தரும் ஆரம்பநிலைப் படிப்பின் கடைசிக் கட்டம். எட்டு பேருக்கு அரை மணி நேரம் வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். எட்டாவது ஆள் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட, வீட்டுக்குப் போன் செய்து புலம்பினாள். மகனின் டிராக் பேன்ட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார் மாமனார்.

ரெண்டு பிள்ளை பெத்தவளுக்குக் குதிக்கிற படிப்பு ஒரு கேடா என்று இத்தனை நாளும் முணுமுணுத்தவர்தான். அதற்குப் பழிவாங்குகிறாள் என்று, ஏழு பேரில் ஒருத்தியான பக்கத்து வீட்டுக்காரி காதைக் கடித்தாள்.

தேர்வாளர் உடல்நலப் படிவத்தைப் பார்த்தார். நெஞ்சுவலி உண்டா என்ற கேள்விக்கு மாமனார் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"மாமா படியேறும்போது ரெண்டு தடவ நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க சார். நான் பார்த்தேன்."

வெறும் மூச்சிரைப்புதான் என்று மாமனார் சாதித்தார். நாலு பேர் முன்னால் தன்னைக் கிழவனாக்கி அவமானப்படுத்துகிறாள் என்று குரலை உயர்த்தினார்.

தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆள் குறைந்தால் தேர்வு ரத்து. அடுத்தது ஆறு மாதம் கழித்துத்தான். நீச்சல்குளத்தில் அவளுக்குச் சொல்லி வைத்திருந்த வேலை அதுவரை காத்திருக்காது.

அவள் தேர்வாளர் பக்கம் திரும்பினாள்.

"ரத்து பண்ணிடுங்க சார்."

மாமனாரைக் கட்டாயப்படுத்தி நேராக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

இதயத்தில் அடைப்பு என்றார் டாக்டர். இன்று மட்டும் ஓடியிருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டார் என்றும் சொல்லிவிட்டு, எத்தனை நாளாக வலி என்று கேட்டார்.

"ஒரு வாரமா..."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "தெரிஞ்சேவா மாமா இல்லைன்னு எழுதினீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உண்மையை எழுதினா என்னைச் சேர்த்துக்க மாட்டியே. எப்படியாவது நீ பாஸாயிடணும்னுதான்மா..."